காமிராவிலும் உண்டு கேஜ் மாற்றம்

பொங்கல் விழாவோ, பிள்ளைகளின் ஆண்டு விழாவோ, நம் சங்கத்தில் எது நடந்தாலும் மேடைக்கு முன்னால் ஏழெட்டு காமிராக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. செல்போனில் படம் எடுப்பவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய காமிரா வைத்திருப்பவர்களைச் சொல்கிறேன். விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்தால் இவர்களில் யாராவது ஒருவர் என் பக்கத்து இலையில் வந்து அமர்ந்து, "அங்கிள், நான் நிக்கான் வச்சிருக்கேன். எல்லாத்தையும் வித்துட்டு சோனிக்கு மாறிடலாமா?" என்று கேட்பார். கேனன்காரர் ஃபியூஜியைப் பற்றிக் கேட்பார். சோனிக்காரர் கேனனைப் பற்றிக் கேட்பார். அக்கரைக்கு எப்போதும் இக்கரை பச்சை.

சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே பதில் சொல்லி முடிக்கிற கேள்வி அல்ல இது. சிலருக்கு இதில் இரண்டு லட்சம், சிலருக்கு ஐந்து லட்சம் அடங்கியிருக்கிறது. நம்மில் பலர் மாதச் சம்பளத்தில் வாடகையும், பள்ளிக்கட்டணமும், ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவதில் வாழ்கிறவர்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து 2019ல் ஓய்வு பெற்றவன். கேஜ் அளக்கும் கோலைப் பிடித்த கைதான் காமிராவையும் பிடித்தது. அதனால் எனக்குத் தெரிந்த ரயில் பாஷையிலேயே இந்த விஷயத்தைச் சொல்கிறேன்.

எஞ்சின் எது, பாதை எது?

பழைய நாட்களில் தாதரிலிருந்து சென்னைக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். புனே வந்ததும் வண்டி சற்று அதிக நேரம் நிற்கும். மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். நாம் கீழே இறங்கி வடா பாவ் வாங்கிக்கொண்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடும். பெட்டியில் இருந்த நம் சாமான்கள் ஓர் அங்குலம் கூட நகரவில்லை. எஞ்சின் மட்டும்தான் மாறியது.

மன்மாட் கதை வேறு. அங்கே நம் அகல ரயில் பாதையும் (1676 மில்லிமீட்டர்) செகந்திராபாத் பக்கம் போகும் மீட்டர் கேஜ் பாதையும் (1000 மில்லிமீட்டர்) சந்தித்தன. ஒரு வண்டியில் வந்த சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கி அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். பயணிகளும் பெட்டி படுக்கையோடு மாற வேண்டும். இதில் ஆன கூலி, தாமதம், சேதம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் 1992ல் நாடு முழுவதும் ஒரே கேஜ் என்ற திட்டத்தை ரயில்வே கையில் எடுத்தது.

காமிராவிலும் இதே இரண்டு வகை மாற்றங்கள்தான். 'பாடி' என்று நாம் சொல்லும் காமிரா, எஞ்சின். லென்ஸ்கள், பெட்டிகள். இரண்டும் இணையும் அந்த உலோக வளையம் இருக்கிறதே, 'மவுண்ட்' என்று சொல்வார்கள், அதுதான் கேஜ். ஒரே நிறுவனத்தில் பழைய பாடியை விற்றுப் புதிய பாடி வாங்குவது பெரும்பாலும் புனேயில் எஞ்சின் மாற்றுவது போல. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது மன்மாட். எல்லா மூட்டைகளையும் இறக்கி ஏற்ற வேண்டும். "மாறலாமா?" என்று கேட்பவர்களில் பலருக்குத் தேவை புதிய எஞ்சின் மட்டுமே. அவர்கள் தண்டவாளத்தையே பெயர்க்கப் பார்க்கிறார்கள்.

கண்ணாடி போயிற்று, இடைவெளி சுருங்கிற்று

மவுண்டைப் பற்றிக் கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்ல வேண்டும். லென்ஸ் வந்து உட்காரும் வளையத்திலிருந்து பின்னால் உள்ள சென்ஸார் வரை ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் இதை ஓர் அளவில் நிர்ணயித்திருக்கிறது. நிக்கானின் 'எஃப்' மவுண்டில் இது 46.5 மில்லிமீட்டர். கேனனின் 'ஈஎஃப்' மவுண்டில் 44 மில்லிமீட்டர். டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்கும் சென்ஸாருக்கும் நடுவே ஒரு சாய்வான கண்ணாடி மேலும் கீழும் அசைய வேண்டியிருந்ததால் இவ்வளவு இடம் தேவைப்பட்டது.

மிரர்லெஸ் காமிராவில் அந்தக் கண்ணாடி இல்லை. ஆகவே தூரம் சுருங்கிவிட்டது. 2010ல் வந்த சோனி 'ஈ' மவுண்டில் 18 மில்லிமீட்டர். 2012ல் வந்த ஃபியூஜி 'எக்ஸ்' மவுண்டில் 17.7. 2018ல் வந்த நிக்கான் 'இசட்' மவுண்டில் 16. அதே ஆண்டு வந்த கேனன் 'ஆர்எஃப்' மவுண்டில் 20.

இந்த எண்களைக் கழித்துப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. 44லிருந்து 20ஐக் கழித்தால் 24. நடுவே 24 மில்லிமீட்டர் நீளமுள்ள வெற்றுக் குழாய் ஒன்றை வைத்துவிட்டால் பழைய கேனன் லென்ஸ் புதிய கேனன் பாடியில் சரியான தூரத்தில் உட்கார்ந்துவிடும். அதற்குள் மின்தொடர்பு முனைகளையும் வைத்துவிட்டால் ஆட்டோ ஃபோகஸும் வேலை செய்யும். இதுதான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறைவதில்லை. தலைகீழாக, மிரர்லெஸ் லென்ஸைப் பழைய டி.எஸ்.எல்.ஆரில் மாட்ட முடியாது. பாடி ஏற்கெனவே தேவைக்கு மேல் ஆழமாக இருக்கிறது. ஒன்றைச் சேர்க்கலாம், இல்லாததை எப்படிக் கழிப்பது?

நம் மும்பை மின்சார ரயிலிலும் அடாப்டர் காலம் ஒன்று இருந்தது. 1925லிருந்து 1500 வோல்ட் டி.சி.யில் ஓடிய பாதைகளை 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றும் வேலை 2016ல்தான் முழுமையாக முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டு மின்சாரத்திலும் ஓடக்கூடிய எஞ்சின்களும் லோக்கல் வண்டிகளும் ஓடின. ஒரு நாள் கூட மும்பையை நிறுத்தி வைத்துவிட்டு யாரும் மாற்றவில்லை. குடும்பத்துக்கும் தொழிலுக்கும் அந்த முறைதான் நல்லது.

நிறுவனம் போட்ட பாதை

"பெரிய கம்பெனி, என்றைக்கும் இருக்கும்" என்று நம்பி லென்ஸ் வாங்குகிறோம். சரித்திரம் என்ன சொல்கிறது? கேனன் 1971ல் கொண்டுவந்த 'எஃப்டி' மவுண்டை 1987ல் கைவிட்டு, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் மோட்டார் வைத்த ஈஎஃப் மவுண்டுக்கு மாறியது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அன்று கசப்புதான். நிக்கான் 1959ல் தொடங்கிய எஃப் மவுண்டின் வடிவத்தை மாற்றாமல் காப்பாற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2006ல் வந்த டி40 போன்ற சிறிய பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸ் மாட்டிக்கொள்ளும், ஆனால் பழைய வகை லென்ஸாக இருந்தால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேஜ் ஒன்றாக இருந்தாலும் எல்லாப் பாதையிலும் எல்லா எஞ்சினையும் விட முடியாது, பாலம் தாங்க வேண்டும் அல்லவா, அது போல.

மினோல்டா கம்பெனி 1985ல் ஆட்டோ ஃபோகஸில் எல்லோருக்கும் முன்னோடியாக நின்றது. பின்னர் கோனிகாவோடு இணைந்தது. 2006ல் காமிராத் தொழிலையே விட்டு விலகி, அதை சோனியிடம் ஒப்படைத்தது. நிக்கான் 2011ல் தொடங்கிய 'நிக்கான் 1' வரிசை 2018ல் முடிந்தது. கேனன் 2012ல் தொடங்கிய 'ஈஎஃப்-எம்' வரிசை 2023ல் முடிந்தது. பாதை போடுவதும் அவர்கள், மூடுவதும் அவர்கள். கம்பெனி மேல் பக்தி வைப்பதற்கு இங்கே இடமில்லை. நம் கையில் உள்ள லென்ஸ் இன்னும் எத்தனை ஆண்டு நமக்கு உழைக்கும் என்பதுதான் கணக்கு.

ஒரு தம்பியின் கணக்கு

பெயர் வேண்டாம். நம் சங்கத்துத் தம்பி ஒருவர். பகலில் கம்பெனி வேலை. முகூர்த்த நாட்களில் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று கல்யாணப் படம் எடுக்கிறார். அவரிடம் 2012ல் வெளிவந்த கேனன் 5டி மார்க் 3, பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்த மூன்று நல்ல லென்ஸ்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் விற்று சோனிக்கு மாறப் போவதாகவும், ஐந்து லட்சம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், அதில் பாதி மனைவியின் வளையல்களை அடகு வைத்து வரும் என்றும் சொன்னார். கூட வந்திருந்த அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. "வளையலைக் கொடுக்க மாட்டேன்னு சொல்லலை அங்கிள். கணக்கைக் காட்டுங்கன்னுதான் கேட்கிறேன்" என்றாள். நியாயமான கேள்வி.

நான் தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இப்போது உன் காமிராவில் முடியாதது எது? ஆசை வேண்டாம். வேலையில் தட்டுப்பட்ட குறையைச் சொல்." அவர் யோசித்து இரண்டு சொன்னார். தாலி கட்டும் நேரத்தில் முகங்கள் படத்தின் ஓரத்தில் வந்தால் ஃபோகஸ் தவறுகிறது. அந்தக் காமிராவில் 61 ஃபோகஸ் புள்ளிகள் உண்டு என்றாலும் எல்லாம் நடுப்பகுதியில் கூடியிருக்கின்றன. இரண்டாவது, ஷட்டர் சத்தம். மந்திரம் ஓதும் இடத்தில் பக்கத்தில் நின்று 'டக் டக்' என்று எடுத்தால் பெரியவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இரண்டு குறையும் பாடியில் உள்ளவை. லென்ஸில் ஒன்றும் இல்லை. கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியும், சத்தமில்லாத ஷட்டரும் சோனியில் மட்டுமா இருக்கின்றன? 2022ல் வந்த கேனன் ஆர்6 மார்க் 2லும் உண்டு, நிக்கான் மிரர்லெஸ்ஸிலும் உண்டு. லென்ஸ்களை விற்கலாம் என்று கடையில் விசாரித்தபோது வாங்கிய விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கேட்டிருக்கிறார்கள். ஒன்றில் பூஞ்சை இருக்கிறது என்று அதிலும் குறைத்திருக்கிறார்கள். அதே தரத்தில் மூன்று புதிய லென்ஸ் வாங்கினால், ஐந்து லட்சத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே கையில் இருப்பதை மறுபடியும் வாங்குவதற்கே போய்விடும்.

"முதலில் வாடகைக்கு எடு" என்றேன். ஒரு கல்யாணத்துக்கு சோனி, அடுத்த கல்யாணத்துக்கு அடாப்டருடன் புதிய கேனன். இரண்டிலும் படம் எடுத்தார். இரண்டும் நன்றாக இருந்தன. இரண்டிலும் அவருடைய குறை தீர்ந்தது. அப்படியானால் செலவு குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? பாடியையும் அடாப்டரையும் மட்டும் வாங்கினார். கடன் பாதிக்கும் கீழே வந்தது. அதை அந்த ஆண்டின் முகூர்த்தங்களிலேயே அடைத்துவிட்டார். வளையல்கள் கையிலேயே இருக்கின்றன. பழைய 5டி இப்போது அவருக்கு இரண்டாவது காமிரா.

இதையே வேதமாகக் கொள்ளாதீர்கள். என் நண்பரின் மகள் ஒரு வீடியோ குழுவில் வேலை செய்கிறாள். அங்கே மற்ற நால்வரும் சோனி. ஒருவர் பாட்டரியை இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம், லென்ஸை மாற்றிக்கொள்ளலாம், நால்வர் எடுத்ததும் ஒரே நிறத்தில் வரும். இவள் ஒருத்தி மட்டும் வேறு கேஜில் ஓடினால் தினமும் மன்மாட்தான். அவள் மாறியது சரியான முடிவு.

நான் மாறிய காரணம்

நானும் மாறியவன்தான். பிலிம் சுருள் காலத்தில் நிக்கான் எஃப்எம்10, 2009ல் டி90, பிறகு டி750 என்று கால் நூற்றாண்டு நிக்கானில் ஓடினேன். ஓய்வு பெற்ற ஆண்டில் எல்லாவற்றையும் விற்று ஃபியூஜி எக்ஸ்-டி30க்கு வந்தேன். நிக்கானில் குறை கண்டு வரவில்லை. எடைதான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். டி750 பாட்டரியுடன் 840 கிராம். 24-120 லென்ஸ் 710 கிராம். பறவைக்கென்று வாங்கிய 200-500 லென்ஸ் 2300 கிராம். மூன்றும் சேர்ந்து 3850 கிராம். ஃபியூஜியில் பாடி 383, 18-55 லென்ஸ் 310, 55-200 லென்ஸ் 580, ஆக 1273 கிராம். மூன்றில் ஒரு பங்கு. பாதை நெடுக நடந்தே வேலை பார்த்தவனுக்குக் கால் இன்னும் வலுவாக இருக்கிறது. கழுத்துதான் ஒத்துழைக்க மறுத்தது. எலும்பு டாக்டர் தோளில் சுமையே கூடாது என்றார். "கோயிலுக்குப் போறதுக்கு இந்த மூட்டை எதுக்கு? அர்ச்சனைத் தட்டைத் தூக்கக் கூட உங்களுக்குக் கை இல்லை" என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் குறை பாடியில் மட்டும் இல்லை, லென்ஸிலும் இருந்தது. அடாப்டர் போட்டால் எடை கூடுமே தவிரக் குறையாது. ஆகவே எனக்குத் தேவை உண்மையான கேஜ் மாற்றம். அதைத் தெரிந்தே செய்தேன். இழந்ததும் உண்டு. தாணே கழிமுகத்துப் பூநாரைகளை அவ்வளவு தூரத்திலிருந்து இனி எடுக்க முடியாது. அந்தப் பெரிய லென்ஸ் பறவை பார்க்கும் ஓர் இளைஞரிடம் போய், செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மங்கலான மண்டபத்தில் பழைய காமிராவின் பெரிய சென்ஸார் சற்று சுத்தமான படம் தந்தது என்பதும் உண்மை. ஆனால் பழைய பை அலமாரியில் இருந்தது, புதியது என்னுடன் வெளியே வருகிறது. பேரன் பேத்திகள், நெரல்-மாதேரான் குட்டி ரயில், நம் சங்க விழா, இவைதான் இப்போது என் உலகம். இதற்கு இது போதும்.

விலைச்சீட்டில் வராத செலவுகள்

மாறுகிறவர்கள் பாடிக்கும் லென்ஸுக்கும் மட்டும் கணக்குப் போடுகிறார்கள். பாட்டரி, சார்ஜர் எல்லாம் புதிதாக வேண்டும். ஃபிளாஷ் விளக்கு புதிய காமிராவின் மேல் உட்காரும், எரியவும் செய்யும். ஆனால் வெளிச்சத்தைத் தானாக அளந்து கொடுக்கும் மொழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. லென்ஸின் வாய் அளவு மாறினால் ஃபில்டரும் மாறும். அடாப்டரை நம்பி ஒரே நிறுவனத்தில் இருப்பவர்களும் விசாரித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பலர் மலிவாக வாங்கிய நிக்கான் 50 மில்லிமீட்டர் 1.8 'டி' வகை லென்ஸ், நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டும், ஆட்டோ ஃபோகஸ் ஆகாது.

அடுத்தது கைப்பழக்கம். நிக்கான் லென்ஸ் மாட்டும் திசையும் கேனன் லென்ஸ் மாட்டும் திசையும் எதிரெதிர். ஜூம் வளையம் சுழல்வதும் பொதுவாக எதிரெதிர்தான். இருபது ஆண்டு பழகிய விரல் யோசிப்பதற்குள் மாலை மாற்றி முடிந்துவிடும். புதிய காமிராவை வாங்கிய மறுநாளே கல்யாணத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. ஒரு மாதமாவது வீட்டுக் குழந்தைகளை வைத்துப் பழக வேண்டும்.

பழைய சாமான் வாங்கவும் விற்கவும் மும்பையில் போரா பஜார், தில்லியில் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, கொல்கத்தாவில் மெட்ரோ கலி என்று நல்ல சந்தைகள் உண்டு. போகும்போது சிறிய டார்ச் எடுத்துப் போங்கள். லென்ஸின் பின்பக்கம் வெளிச்சம் அடித்து முன்பக்கமாகப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை இருப்பது தெரிந்துவிடும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் லென்ஸைத் தோல் பையில் மூடி வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். விற்கும் நாளில் அந்தச் சில ரூபாய்ப் பொட்டலம் பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

முடிவெடுக்கும் முன் நான்கு கேள்விகள்

ஒன்று, இப்போதைய காமிராவில் எந்தப் படம் எனக்குக் கிடைக்காமல் போகிறது? பதிலாக ஒரு படத்தைக் கூடக் காட்ட முடியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இரண்டு, அந்தக் குறை பாடியிலா, லென்ஸிலா, இரண்டிலுமா? பாடியில் என்றால் எஞ்சினை மாற்றுங்கள். ஒரு லென்ஸில் என்றால் அந்த ஒரு பெட்டியை மாற்றுங்கள். இரண்டிலும் என்றால் மட்டுமே பாதையைப் பெயர்க்கலாம்.

மூன்று, இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேனா?

நான்கு, விற்று வரும் பணம், வாங்கும் விலை, சில்லறைச் செலவு எல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டினேனா? காட்டத் தயங்கினால் அந்தத் தயக்கத்திலேயே விடை இருக்கிறது.

நாடு முழுவதும் அகலப் பாதை வந்த பிறகும், நீலகிரி மலை ரயில் இன்றும் மீட்டர் கேஜில்தான் ஏறுகிறது. அந்த மலைக்கும் அந்த வளைவுக்கும் அதுவே பொருத்தம். உங்கள் கையில் இருக்கும் காமிரா எந்த ஆண்டு மாடலாக இருந்தாலும், உங்கள் வீட்டு விசேஷத்தைத் தெளிவாக எடுத்து, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஓர் ஆல்பம் அனுப்ப முடிகிறதென்றால் அது ஓடுகிற வண்டி. ஓடட்டும்.